எமன் கைச் சக்கரம்

கோரைப்பல் வெளியே நீண்டிருக்கிறது. தலையிலே மண்டையோட்டு முடி. நெற்றியிலே மூன்றாவது கண். கைகளாலும் கால்களாலும், ஏன், பற்களாலும்கூட ஒரு பெருஞ்சக்கரத்தைக் கவ்விப் பிடித்திருக்கிறது அந்த உருவம். சக்கரத்துக்குள்ளே தேவர், மாந்தர், விலங்கு, பேய், கொதிக்கும் கொப்பரை! காரைக்கால் படிப்பகம் ஒன்றின் மேசையிலே, நாளேடுகளுக்கு நடுவே கிடந்த ஓவிய நூலில் இந்தப் படத்தைக் கண்ட இளைஞர் ஒருவர் முகஞ்சுளித்தார்.

“இது நம் ஊர்க் கருடபுராணந்தானே, ஐயா! அங்கேயும் எண்ணெய்க் கொப்பரை, இங்கேயும் எண்ணெய்க் கொப்பரை. அங்கே சித்திரகுப்தன் கணக்கு, இங்கே எமன் கைச் சக்கரம். புத்தர் பெயரைச் சொல்லிவிட்டால் புளுகு பகுத்தறிவாகி விடுமா?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அவர் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதி அவர் கண்ணில் படவில்லை. அதற்கு அவர்மீது குற்றமில்லை. அந்தப் பாதியைக் காட்டவேண்டியவர்கள் தமிழ்நாட்டிலே வாயடைக்கப்பட்டு எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகின்றன. வாயடைக்கப்பட்ட இடமும் தொலைவிலில்லை. காரைக்காலின் கோயிற்பத்தைத்தான் திருத்தெளிச்சேரி என்பர். அதனை அடுத்திருந்ததாகச் சொல்லப்படும் ஊர் போதிமங்கை; பெயரிலேயே போதி மணக்கிறது. சம்பந்தர் பரிவாரம் சின்னம் ஊதி ஆரவாரித்து வந்தபோது அவ்வூர்ப் பௌத்தர்கள், “வாதிட்டு வென்றபின் ஊதுங்கள்” என்னும் கருத்தில் தடுத்தார்களாம். முறையான கோரிக்கை! அதற்குக் கிடைத்த விடை என்ன? பதிகம் ஒன்று ஓதப்பட்டது, இடி விழுந்தது, புத்தநந்தியின் தலை உருண்டது. அதன் பிறகே சாரிபுத்தனோடு வாதம் நடந்ததாம்! தலை உருண்ட களத்திலே நடக்கும் வாதம் எப்படியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். இதைப் பகைவர் எழுதவில்லை. பெரியபுராணமே பெருமையோடு பேசுகிறது. அது வரலாறா, கட்டுக்கதையா என்பது வேறு வழக்கு. கட்டுக்கதையென்றால், இப்படிப்பட்ட ஒன்றைக் கட்டவேண்டும் என்று தோன்றிய உள்ளத்தை அது காட்டிவிடுகிறது.

அந்தத் தலை பேசியிருக்கக் கூடியது என்ன? அதைத் தெரிந்துகொள்ளத்தான் படத்துக்குத் திரும்புகிறோம்.

படம் திபெத்து நாட்டுச் சீலையோவியம். தங்கா என்பது அதன் பெயர். பருத்திச் சீலையை மரச்சட்டத்தில் நூலால் இழுத்துக் கட்டுவார்கள். சுண்ணப் பொடியையும், தோலைக் காய்ச்சி எடுத்த பசையையும் குழைத்துப் பூசுவார்கள். காய்ந்தபின் கல்லாலோ சங்காலோ தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அதன்மேல் அளவுக்கோடு. புத்தர் உருவம் முழுவதும் 120 விரல் என்கிறது ஒரு நூல். 125 என்கிறது மற்றொன்று. இந்த 5 விரலுக்காக அறிஞர்கள் அங்கே வாதிட்டிருக்கிறார்கள்! நீலத்துக்கும் பச்சைக்கும் செப்புக் கனிமக் கற்களை அரைப்பார்கள். சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், ஒளிக்குப் பொன்தூள். கண்ணை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் திறப்பார்கள். பட்டுக்கரை தைத்துக் கோலிலே சுருட்டிவிட்டால், மலைவழியில் நடந்து செல்லும் ஆசான் தோளிலே ஒரு பள்ளிக்கூடத்தையே சுமந்து செல்லலாம். ஊர் வந்ததும் விரிப்பான், விளக்குவான், சுருட்டுவான், நடப்பான்.

விளக்குவதற்காகவே பிறந்த ஓவியம் இது என்பதற்குச் சான்றுண்டு. திவ்யாவதானம் என்னும் வடமொழிப் பௌத்தக் கதைத் தொகுதியில், மடத்து வாயிலில் இச்சக்கரத்தை எழுதி வைக்கவேண்டும், வருவோர்க்குப் பொருள் சொல்ல அங்கே ஒரு துறவியை நிறுத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டிருக்கிறது. கும்பிடச் சொல்லவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் வைக்கச் சொல்லியிருக்கிறது! அசந்தாவின் 17ஆம் குகை முன்றிலில் 5ஆம் நூற்றாண்டுச் சக்கரம் ஒன்று சிதைந்த நிலையில் இன்றும் இருக்கிறது. அதே தொகுதியில் இன்னொரு கதை. உருத்திராயணன் என்னும் மன்னன் பிம்பிசாரனுக்கு மணிகள் பதித்த கவசம் ஒன்றை அனுப்புகிறான். அதற்கு ஈடாக எதை அனுப்புவது? புத்தர் உருவத்தைச் சீலையில் எழுதி அனுப்புகிறான் பிம்பிசாரன். படத்தின் கீழே என்ன எழுதினார்கள்? ஒழுக்க விதிகளையும், துன்பம் எவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறக்கிறது என்னும் 12 சார்புகளையும். ஓவியர்களுக்குப் புத்தரின் ஒளியால் கண்கூசிற்று, ஆகவே அவர் நிழலைச் சீலையில் விழச் செய்து அதன்மேல் வண்ணம் தீட்டினார்கள் என்றெல்லாம் கதையில் சரடு ஓடுகிறது. அதைத் தள்ளுவோம். முகத்தை அனுப்பியவன், முகத்தோடு காரணத்தையும் எழுதி அனுப்பினான் என்பதைக் கொள்வோம்.

அந்த 12 சார்புகள்தாம் எமன் கைச் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி வருகின்றன. இளைஞர் பார்க்கத் தவறியது இந்த விளிம்பைத்தான்.

கோலூன்றித் தட்டுத் தடுமாறிப் போகும் குருடர் ஒருவர் முதற் கட்டத்தில். அறியாமை அது. அடுத்துக் குயவன், குருட்டு மண்ணைத் திரிகையில் வைத்துப் பானையும் சட்டியுமாக்குகிறான், செயல் அது. பிறகு கிளைவிட்டுக் கிளை தாவும் குரங்கு, உணர்வு. ஓடத்தில் செல்வோர், உள்ளமும் உடலும். சாளரங்கள் உள்ள ஆளில்லா வீடு, புலன்கள். தழுவி நிற்கும் இணை, புலனும் பொருளும் கூடும் ஊறு. அடுத்த கட்டத்தைப் பார்த்தால் நமக்கே கண் வலிக்கும். ஒருவன் கண்ணிலே அம்பு தைத்திருக்கிறது! நுகர்ச்சியைக் காட்ட இதைவிடக் கூரிய ஓவியச் சொல்லை எவன் கண்டான்? இன்பமானாலும் துன்பமானாலும் அது நம்மைக் கேட்டுக்கொண்டு நுழைவதில்லை, தைத்தபின்தான் தெரிகிறது. மேலும் மேலும் மதுவை வேண்டும் குடியன், வேட்கை. கிளை முறியக் கனி பறிப்பவன், பற்று. கருவுற்ற பெண், ஈனும் பெண், கடைசியில் முதுகிலே பிணம் சுமந்து செல்பவன்.

பேதைமை, செய்கை, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று... இவை திபெத்துச் சொற்களல்ல. நம் சாத்தனார் ஆண்ட சொற்கள். மணிமேகலையில் அறவணவடிகள் இந்தப் பன்னிரண்டையும் முன்னாகவும் பின்னாகவும் அடுக்கிக் காட்டுகிறார். இது அற்றால் அது அறும், அது அற்றால் அடுத்தது அறும் என்று முடிச்சவிழ்க்கிறார். யாருக்கு? ஓர் இளம்பெண்ணுக்கு! கணிகை குலத்தில் பிறந்தவளுக்கு! பெண்ணைக் கருவாகவும் ஈற்றாகவும் மட்டுமே விளிம்பில் எழுதியது பனிநாட்டு ஓவியம். பெண்ணை அந்தச் சக்கரத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் மாணவியாக எழுதியது தமிழ்க் காப்பியம். எந்த ஓவியம் உயர்ந்தது என்று நீங்களே சொல்லுங்கள். அவள் வஞ்சியிலே வைதிகன் முதல் பூதவாதி வரை எல்லாச் சமயக் கணக்கரையும் தேடிச் சென்று கேட்கிறாள். ஆனால் பெண்ணுருவில் போனால் சொல்லமாட்டார்கள் என்று ஆண் துறவி வேடம் புனைந்து போகவேண்டியிருந்தது. அந்த இழிவையும் சாத்தனார் மறைக்கவில்லை.

விளிம்பை மறுமுறை சுற்றி வாருங்கள். பன்னிரண்டு கட்டத்தில் எந்தக் கட்டத்திலாவது கடவுள் இருக்கிறாரா? படைத்தவன் எங்கே? அருள்பவன் எங்கே? விண்ணவர் இருக்கிறார்கள், ஆனால் சக்கரத்துக்குள்ளே இருக்கிறார்கள். அவர்களும் மாலை வாடிச் சாகிறார்கள். சக்கரத்தைக் கவ்விய கோரமுகம் படைப்பவனுமில்லை, காப்பவனுமில்லை. நிலையாமைக்கு ஓவியன் கொடுத்த முகம். எல்லாவற்றையும் கவ்வியிருக்கிறது, தேவலோகத்தையும் சேர்த்துத்தான். புத்தர் சக்கரத்துக்கு வெளியே, ஒரு மூலையிலே, சிறிய உருவமாக நின்று விரலால் சுட்டுகிறார். இழுத்து வெளியே போடவில்லை. வழி அங்கே, நடப்பது நீ என்கிறது அந்த விரல். புத்தியைப் பயன்படுத்துகிறவன்தான் புத்தன் என்று பெரியார் மேடைதோறும் சொன்னாரே, அதற்குப் படம் எழுதச் சொன்னால் இப்படித்தான் எழுதவேண்டும்.

இனி இளைஞர் சொன்ன பாதிக்கு வருவோம். அது சக்கரத்தின் உட்பகுதி.

நடுவிலே பன்றி, பாம்பு, சேவல். ஒன்றன் வாலை ஒன்று கவ்விச் சுழல்கின்றன. மடமையும் பகையும் ஆசையும் அவை. இதுவரை குறையில்லை. அதைச் சுற்றித்தான் உலகங்கள். முதலில் 5 என்று எழுதப்பட்டவை, பின்னர் அசுரரைத் தனியே பிரித்து 6 ஆயின. நரகத்திலே எமன் கண்ணாடியோடு வீற்றிருக்கிறான். வெண்கல்லும் கருங்கல்லும் எண்ணி வினை நிறுக்கப்படுகிறது. சித்திரகுப்தன்தான், ஐயமே வேண்டாம்! சுடுநரகம் 8, குளிர்நரகம் 8 என்று கணக்கு. சித்திரை வெயிலில் காரைக்கால் கடற்கரையில் நிற்பவனுக்குக் குளிர்நரகம் தண்டனையா, பரிசா என்று கேட்கத் தோன்றுகிறது.

சிரிப்போடு விடக்கூடியதன்று இது. இன்னார் இந்த உலகில், இந்தக் குடியில், இந்த வறுமையில் பிறந்தது முற்பிறப்பு வினையால் என்று படம் சொல்லத் தொடங்கிய இடத்திலேயே, பண்ணையாரின் கணக்குப்பிள்ளை அதைக் கையில் வாங்கிக்கொள்கிறான். நீ சேரியில் பிறந்தாயா? உன் வினை! உனக்குக் கூலி குறைவா? உன் வினை! 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவிய அம்பேத்கர், மறு ஆண்டு வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் முற்பிறப்பு வினைக் கொள்கையை உடைத்தது இதனால்தான். ஏழையின் நிலைமைக்கு ஏழையே பொறுப்பு என்று சொல்லி அரசும் சமுதாயமும் தப்பித்துக்கொள்ளும் வழி அது என்று கண்டார் அவர். பௌத்தத்தைத் தழுவிய கையாலேயே பௌத்தத்தின் பதரைத் தூற்றினார். ஏற்பதென்றால் இப்படித்தான் ஏற்க வேண்டும்.

நம் மணிமேகலைக்கும் இந்த உரைகல்லை வைக்காமல் விடலாமா? தமிழ் என்பதற்காக விட்டுவிட்டால் நாமும் ஒருவகை வைதிகரே. உதயகுமரன் வெட்டுண்டு விழுகிறான். ஏன்? முற்பிறப்பில் அவன், கால்தவறி உணவுக் கலங்களைப் போட்டுடைத்த மடையன் ஒருவனை வெட்டினானாம். அந்த வினை இப்போது வந்து பற்றியதாம். அந்தச் சமையற்காரனுக்கு நியாயம் வேண்டுமானால் அப்போதே அரண்மனை வாயிலில் மணி அடித்திருக்க வேண்டும். அடுத்த பிறப்பு வரை காத்திருக்கச் சொல்வது என்ன நீதி? இந்தக் கதையைச் சொல்வது யார் என்று பாருங்கள். தூணிலிருக்கும் பாவை! வாயில்லாத பாவை வினைக்கணக்குப் பேசுகிறது. வாயுள்ள ஆசிரியர் காரணத் தொடரைப் பேசுகிறார். அறவணரும் பழம்பிறப்புப் பேசாதவரல்லர், அதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் காப்பியம் முடியும்போது அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருப்பது பாவையின் குரலையல்ல.

உட்பகுதியிலும் ஓரிடத்தில் நான் நின்றுவிடுகிறேன். பேயுலகம். பானை வயிறு, ஊசிமுனைத் தொண்டை, வாய்க்குப் போன உணவு நெருப்பாகிவிடும். பசியை இவ்வளவு பச்சையாக எழுதிய ஓவியங்கள் உலகில் குறைவு. காரைக்கால்காரர் இதைப் பார்த்ததும் தம் ஊர்ப் பெண்ணை நினைக்காமல் இருக்கமுடியாது. கணவன் பரமதத்தன் நாகப்பட்டினத்து வணிகன் மகன். மனைவியைத் தெய்வம் என்று சொல்லிக் காலில் விழுந்து கைவிட்டான். கைவிடப்பட்டவள் அழகையும் தசையையும் உதறிவிட்டுப் பேயுரு வேண்டினாள் என்பது புராணம். வற்றிய மார்பும் துருத்திய எலும்புமாக வார்க்கப்பட்ட அந்தச் செப்புத் திருமேனிகள், பனிநாட்டுப் பேயுலகத்தாருக்கு உடன்பிறந்தாள் போலவே இருக்கின்றன. ஆனி மாதத்தில் இன்று அவ்வூரில் மாங்கனி இறைக்கிறார்கள், அந்த எலும்பை எவன் நினைக்கிறான்?

மணிமேகலையிலும் ஒரு பசிக்காரி உண்டு. காயசண்டிகை, யானைத்தீ என்னும் தீராப் பசி நோய் பிடித்தவள். அவளுக்குப் பதிகம் பாடவில்லை, பேயுருவம் கொடுக்கவில்லை. அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி சோறு விழுந்தது, பசி தீர்ந்தது. திபெத்து ஓவியர்களும் இதை உணர்ந்தவர்களே. ஒவ்வோர் உலகிலும் ஒரு சிறு புத்தரை எழுதும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. விலங்குலகில் அவர் கையில் நூல். பேயுலகில் அவர் கையில் கலம். அறியாதவனுக்கு ஏடு, பசித்தவனுக்குச் சோறு! நரகத்தையும் எமன் கண்ணாடியையும் அழித்துவிட்டு இந்த இரண்டு சிறு உருவங்களை மட்டும் பெரிதாக எழுதியிருந்தால், அந்தச் சீலையை நம் மாநாட்டுப் பந்தலிலேயே கட்டியிருக்கலாம்.

பனிமலைக்கும் காவிரிக் கழிமுகத்துக்கும் என்ன உறவு, வலிந்து முடிச்சுப் போடுகிறீர் என்று சிலர் சொல்லக்கூடும். முடிச்சைப் போட்டது நானல்ல, கடல். காரைக்காலுக்குத் தெற்கே நாகப்பட்டினத்தில் கடாரத்து வேந்தர்கள் எடுத்த விகாரைக்குச் சூடாமணி விகாரை என்று பெயர். மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் முடித்த பள்ளி அது. முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், 1006ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்குக் கொடுத்ததை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. (தந்தை ஊர் கொடுத்தான், மகன் இராசேந்திரன் 1025இல் அதே கடாரத்தின்மேல் கப்பற்படை அனுப்பினான். அரசர் அறம் அவ்வளவுதான்.) இதே சூடாமணிவர்மன் ஆட்சியில் சுவர்ணத்தீவில் தருமகீர்த்தி என்னும் ஆசான் நூல் செய்ததாகத் திபெத்து ஏடு குறிக்கிறது. அந்த ஆசானிடம் 12 ஆண்டு பயின்ற வங்கத்து அதீசர்தாம் 1042இல் திபெத்துக்குச் சென்று அங்கே பௌத்தத்துக்குப் புத்துயிர் ஊட்டியவர். நாகை விகாரைக்குப் பெயர் தந்த வேந்தனின் நிழலில் வளர்ந்த கல்வி, மலையேறிப் பனிநாட்டை அடைந்திருக்கிறது. காரைக்காலுக்கு வடக்கே பூம்புகாரில் 1960களில் தொல்லியல் துறையினர் தோண்டி எடுத்த பௌத்த விகாரையையும் சேர்த்து எண்ணினால், இந்தக் கரை முழுதும் ஒரு காலத்தில் அறவணர்களின் கரையாக இருந்தது தெரியும்.

அங்கே சீலை பிழைத்தது. இங்கே செங்கல்லும் பிழைக்கவில்லை. நாகையில் எஞ்சி நின்ற பௌத்தக் கோபுரத்தை 1867இல், வெள்ளையர் ஆட்சியின் இசைவோடு, கிறித்துவப் பாதிரிமார் இடித்தனர். நாகையின் பொற்புத்தரைத் திருமங்கையாழ்வார் கவர்ந்து சென்று திருவரங்கத் திருப்பணிக்கு உருக்கினார் என்று வைணவர்களே கதை சொல்லி மகிழ்கிறார்கள். மண்ணுக்கடியில் ஒளிந்திருந்தவை மட்டும் தப்பின. 1856 முதல் 1934 வரை சுமார் 350 புத்தப் படிமங்கள் நாகையில் கிடைத்தன. அவற்றுள் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலே காணலாம். படிமம் கிடைத்தது, அருகிலே நின்று பொருள் சொல்ல நிறுத்தப்பட்ட துறவி கிடைக்கவில்லை.

பொருள் சொல்பவன் போய்விட்டால் படத்துக்கு என்ன நேரும்? திபெத்திலும் அதுவே நேர்ந்தது. சீலையின் பின்புறத்தில் ‘ஓம் ஆ ஹூம்’ என்று எழுதினால் படத்துக்கு உயிர் வந்துவிடும் என்றார்கள். கண் திறப்புச் சடங்கு வந்தது. நோய் தீர ஒரு படம், நீண்ட ஆயுளுக்கு ஒரு படம், இறந்தவன் நற்பிறப்பு எய்த ஒரு படம் என்று எழுதுவிக்கச் செல்வர்கள் பணம் கொடுத்தார்கள். 12 சார்புகளை விளக்க வந்த துணி, 13ஆவது சார்பாகத் தானே ஒரு பற்று ஆகிவிட்டது! நம் நாட்டிலும் எமபடம் என்று சீலையைக் கடைத்தெருவில் விரித்து நரகம் காட்டிக் காசு பறித்தவர்கள் இருந்தார்கள். பாணரின் அர்ச சரிதத்தில் அப்படி ஒருவன் வருகிறான். முத்திராராட்சச நாடகத்திலோ சாணக்கியனின் ஒற்றன் அந்த வேடத்தைத்தான் போட்டுக்கொள்கிறான். அச்சம் விற்பவனுக்கு எந்த வீட்டுக் கதவும் திறக்கும் என்பது சாணக்கியனுக்குத் தெரிந்திருந்தது.

பிறரைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமலிருப்பது நேர்மையாகாது. நம் மன்றங்களில் சுவர்தோறும் படங்கள். பிறந்த நாளில் மாலை. நினைவு நாளில் மாலை. படத்தின் கீழே அவர் சொன்ன காரணத்தை எழுதி வைத்திருக்கிறோமா? வருகிற சிறுவனுக்கு விளக்க ஓர் ஆளை நிறுத்தியிருக்கிறோமா? அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்டவர். 1907இல் ஏடு தொடங்கி எழுதி எழுதித் தேய்ந்தவர். அவர் படத்தைத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் அவர் எழுத்தைத் தெரிந்தவர்கள்? மாலைக்குப் பூ வாங்கும் காசில் எத்தனை படி நூல் வாங்கலாம் என்று ஒருமுறை கணக்குப் பார்த்தால் கண்ணில் அம்பு தைக்கும்.

இவ்வளவையும் நான் சொல்லி முடித்தபோது இளைஞர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்பிலே குருடரையும் குயவனையும் கண்டுபிடித்து விரலால் தொட்டார். பிறகு எழுந்து போய்ப் படிப்பகத்து அலமாரியிலிருந்து மணிமேகலையை எடுத்து வந்தார். முன்பகுதி ஏடுகள் ஓரம் மடங்கி, விரல்பட்டு அழுக்கேறியிருந்தன. ஆபுத்திரன் கதையருகே யாரோ பென்சிலால் கோடிட்டிருந்தார்கள். தருக்கமும் சார்பும் வரும் கடைசி இரண்டு காதைகளும் அச்சகத்திலிருந்து வந்தபடியே வெள்ளையாக இருந்தன. “இதை யாரும் தொடவேயில்லை, ஐயா” என்றார். நாற்காலியை விளக்கருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.